புதிதாக வந்த குடும்பம் சபையில் நிலைக்க: சிறிய சபைகளுக்கு ஒரு வழிகாட்டி

தாம்பரம் தாண்டி ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி, மறைமலைநகர் வரைக்கும், மேற்கே ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் வரைக்கும் புதுக் குடியிருப்புகள் எழும்பிய இடமெல்லாம் சபைகளும் எழும்பியிருக்கின்றன. பெரும்பாலும் ஐம்பது குடும்பம், நூறு குடும்பம் உள்ள சிறிய சபைகள். தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத்திலிருந்து வந்தவர்கள், மார்த்தாண்டத்திலிருந்து வந்தவர்கள், தரங்கம்பாடிப் பக்கத்து லுத்தரன் குடும்பங்கள், பெந்தெகொஸ்தே சபையில் வளர்ந்தவர்கள், வீட்டில் தான் ஒருவர் மட்டும் விசுவாசத்துக்கு வந்தவர்கள் என்று எல்லாரும் அங்கே ஒரே கூரையின்கீழ் உட்காருகிறார்கள். இப்படிப்பட்ட சபையில் முதல்முறையாகக் கமிட்டிக்கு வந்திருப்பவர்களுக்கும், வீட்டு ஜெபக்கூட்டம் சபையாக வளர்ந்துவிட்டதே, இனி எப்படி நடத்துவது என்று யோசிப்பவர்களுக்கும் இதை எழுதுகிறேன். சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) வழக்கத்தில் வளர்ந்தவன் என்பதால் சேகரம் (ஒரு ஆயரின், அதாவது போதகரின், பொறுப்பில் உள்ள சபைகள்), கமிட்டி (சபை நிர்வாகக் குழு), திடப்படுத்தல் (ஞானஸ்நானம் பெற்றவர் தன் விசுவாசத்தை உறுதிசெய்யும் சடங்கு) என்றே எழுதுவேன். உங்கள் சபையில் வேறு பெயர் இருந்தால் மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள்.

ஒரு குடும்பம் சபையை விட்டு நழுவிப் போனால் பிரசங்கத்தையோ பாட்டையோ காரணம் சொல்கிறோம். நான் பார்த்தவரை காரணம் சின்னது. நான்கு ஞாயிறு வரவில்லை, யாரும் ஏன் என்று கேட்கவில்லை, ஐந்தாவது ஞாயிறு வரக் கூச்சமாகிவிட்டது. எனவே கீழே சொல்லும் எல்லா ஏற்பாடுகளும் ஒரே கேள்விக்குப் பதில்தான்: இந்த ஆளைத் தெரிந்துவைத்திருக்கிற இன்னொரு ஆள் சபையில் யார்?

முதலில் ஒரு நோட்டு

சபைப் பதிவேடு எல்லா இடத்திலும் இருக்கும். ஞானஸ்நானம், திடப்படுத்தல், திருமணம், அடக்கம் எல்லாம் அதில் ஏறும். சந்தாப் புத்தகமும் இருக்கும். இரண்டும் அவசியம்தான், ஆனால் இரண்டையும் புரட்டினால் யார் எப்படி இருக்கிறார் என்று தெரியாது. அதற்குத் தனியாக ஒரு கெட்டி அட்டை நோட்டு வாங்குங்கள். குடும்பத்துக்கு ஒரு பக்கம்.

குடும்பத் தலைவர் பெயரோடு நிறுத்திவிடாதீர்கள். வீட்டில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் ஒரு வரி. பாட்டிக்கும் ஒரு வரி, கைக்குழந்தைக்கும் ஒரு வரி. கூப்பிடும் பெயர், பிறந்த நாள், கல்யாண நாள், என்ன வேலை, எந்த ஷிப்ட், எந்த ஊரிலிருந்து எப்போது வந்தார்கள், படி ஏற முடியாதவர் யார், அவசரமென்றால் ஊரில் யாரைக் கூப்பிடுவது. கீழே பாதிப் பக்கத்தைக் காலியாக விடுங்கள். நாளாக நாளாக அந்தக் காலி இடம்தான் உபயோகப்படும். 'ஜூன்: அப்பாவுக்கு டயாலிசிஸ் ஆரம்பம், செவ்வாயும் வெள்ளியும்.' 'பெரியவள் பன்னிரண்டாவது, மார்ச்சில் தேர்வு.' 'அம்மா தவறி ஒரு வருடம், நவம்பர் 14.' இப்படி ஒரு வரி எழுதி வைத்திருந்தால், நவம்பர் 14 அன்று அந்த வீட்டுக்கு ஒரு போன் போகும். மாதக் கடைசியில் அடுத்த மாதத்துக்கான தேதிகளை எடுத்து ஒரு தாளில் எழுதி ஆயரிடமும் பகுதிப் பொறுப்பாளர்களிடமும் (இவர்களைப் பற்றிக் கீழே வருகிறது) கொடுத்துவிடுங்கள்.

எழுதக்கூடாதவையும் உண்டு. புருஷன் பெண்டாட்டி சண்டை, கடன், வெளியே சொல்ல விரும்பாத வியாதி இவற்றைத் தாளில் ஏற்றாதீர்கள். நோட்டு ஆயரிடமோ செயலரிடமோ பூட்டிய அலமாரியில் இருக்கட்டும். அதைவிடக் கவனமாக இருக்க வேண்டியது வாட்ஸாப் குழுவில். 'சகோதரிக்காக ஜெபியுங்கள், மருமகனோடு பிரச்சினை' என்று ஜெபக் குறிப்பாகப் போட்டால் பத்து நிமிடத்தில் அது நாசரேத் வரைக்கும் போய்விடும். சம்பந்தப்பட்டவர் 'போடுங்கள்' என்று சொன்னால் மட்டுமே எந்தக் குறிப்பும் குழுவில் வரவேண்டும். இதைச் சபையில் அறிவித்து விதியாகவே வைத்துவிடுங்கள்.

அடுத்து, தெருவாரியாகப் பிரிப்பது

ஒரு ஆயரால் நூறு குடும்பத்தையும் தொடர்ந்து கவனிக்க முடியாது. பல சேகரங்களில் ஒரே ஆயருக்கு நான்கைந்து சபை இருக்கும். மோசேக்கு அவன் மாமன் எத்திரோ சொன்ன ஆலோசனை யாத்திராகமம் 18-ல் இருக்கிறது: ஆயிரம் பேருக்கு, நூறு பேருக்கு, ஐம்பது பேருக்கு, பத்துப் பேருக்கு என்று தலைவர்களை வை. நமக்கு அந்தக் கடைசிப் பத்துதான் வேண்டும்.

இதற்கு மெதடிஸ்டுகளிடம் ஒரு நல்ல முன்மாதிரி உண்டு. 1742-ல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்தில் அவர்களுக்குக் கூடம் கட்டிய கடன் பாக்கி நின்றது. ஆளுக்கு வாரம் ஒரு பென்னி போட்டால் அடைத்துவிடலாம் என்றார் ஒருவர். ஏழைகளால் அதுவும் முடியாதே என்று இன்னொருவர் சொன்னதும், 'ரொம்ப ஏழையான பதினொரு பேரை என் பொறுப்பில் விடுங்கள், கொடுக்க முடியாதவருக்கு நான் சேர்த்துப் போடுகிறேன்' என்றார் முதலில் பேசியவர். அப்படியே ஒவ்வொரு பொறுப்பாளரிடமும் ஒரு சிறு கூட்டம் ஒப்படைக்கப்பட்டது. வாரம் தவறாமல் காசுக்காக வீடு வீடாகப் போனவர்கள், யார் வீட்டில் வருத்தம், யார் பழைய குடிப்பழக்கத்துக்குத் திரும்பிவிட்டார் என்பதையெல்லாம் தெரிந்துகொண்டு, மெதடிஸ்டுகளின் தலைவர் ஜான் வெஸ்லியிடம் வந்து சொன்னார்கள். இவ்வளவு நாள் தேடியது இதுதான் என்று அவர் பிடித்துக்கொண்டார். கடன் வசூலில் ஆரம்பித்த ஏற்பாடு மெதடிஸ்ட் இயக்கத்தின் முதுகெலும்பாகவே ஆகிவிட்டது. 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை செயின்ட் ஜார்ஜ் கதீட்ரலில் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது அந்த மெதடிஸ்ட் மரபும் அதில் சேர்ந்தது. ஆகவே இது நமக்குப் புதிதில்லை, சும்மா மறந்துபோன விஷயம்.

உங்கள் சபையை எட்டு முதல் பன்னிரண்டு குடும்பம் கொண்ட பகுதிகளாகப் பிரியுங்கள். நடந்து போகிற தூரம்தான் அளவு. 'நம்ம ஊர்க்காரங்க எல்லாம் ஒரு குரூப்' என்று யாராவது கேட்பார்கள்; ஒத்துக்கொள்ளாதீர்கள், காரணம் பின்னால் வருகிறது. பெண்கள் விடுதியில் தங்கி வேலை பார்ப்பவர்கள் நிறைய இருந்தால் அவர்களுக்குத் தனிப் பகுதி வையுங்கள். கம்பெனி ஷிப்டில் போகிறவர்களுக்குக் கூடும் நேரத்தை மாற்றிக் கொடுங்கள்.

பகுதிக்கு இரண்டு பொறுப்பாளர், ஒரு ஆண் ஒரு பெண். வசதியானவரையோ நன்றாக ஜெபிப்பவரையோ தேட வேண்டாம். மாலையில் வீட்டில் இருப்பவர், கேட்ட விஷயத்தை வாய்க்குள் வைத்துக்கொள்பவர், இந்த இரண்டு தகுதி போதும்.

மாதம் ஒரு தடவை ஒரு வீட்டில் கூடுங்கள். ஒரு கீர்த்தனை, ஒரு வேதபகுதி, அதைப் பற்றி எல்லாரும் பேசுவது, ஒருவருக்கொருவர் ஜெபிப்பது, ஒரு மணி நேரத்தில் முடிந்துவிட வேண்டும். டீயும் பிஸ்கட்டும் மட்டும் என்பதைக் கண்டிப்பான விதியாக்குங்கள். முதல் வீட்டில் வடை போடுவார்கள், இரண்டாவது வீட்டில் கேசரியும் சேரும், மூன்றாவது வீட்டில் பிரியாணி. நான்காவதாக முறை வருகிறவர் ஒற்றை அறை வாடகை வீட்டில் இருப்பார். 'இந்த மாதம் ஊருக்குப் போகிறோம்' என்பார். அதோடு அவர் பகுதிக் கூட்டத்துக்கும் வரமாட்டார், கொஞ்ச நாளில் கோவிலுக்கும் வரமாட்டார்.

ஞாயிறு காலை வாசலில்

வாசலில் இரண்டு பேர் போதும். ஆராதனைக்கு இருபது நிமிடம் முன்னால் வந்து, தொடங்கிக் கால்மணி நேரம் வரைக்கும் நிற்க வேண்டும். புதிதாக வருகிறவர்கள் வழி கேட்டுக் கேட்டுத் தாமதமாகத்தான் வருவார்கள். கமிட்டிக்காரர்களை நிறுத்தினால் தங்களுக்குள் பேசிக்கொண்டிருப்பார்கள். சிரித்த முகமாக ஒரு அக்கா, ஒரு கல்லூரிப் பையன், இவர்கள் நின்றால் நன்றாக இருக்கும்.

வருகிறவருக்கு அந்த நேரத்தில் தேவைப்படுவதெல்லாம் சாதாரண விஷயங்கள். செருப்பை வெளியே விடுவதா, கழிப்பறை எங்கே, குழந்தை அழுதால் எங்கே தூக்கிக்கொண்டு போவது, ஆண்களும் பெண்களும் தனித்தனியாக உட்காருவார்களா, எத்தனை மணிக்கு முடியும். பாட்டுப் புத்தகத்தைக் கையில் திணித்துவிட்டுப் போகாமல் விரித்துக் கொடுங்கள். பாமாலைக்கு ஒரு எண் வரிசை, கீர்த்தனைக்கு வேறு எண் வரிசை என்பது பழகியவர்களுக்குத்தான் தெரியும். மற்றவர்கள் பாட்டு முடியும்வரை பக்கத்தைத் தேடிக்கொண்டிருப்பார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் தன் புத்தகத்தை நீட்டினாலே அந்தச் சங்கடம் தீர்ந்துவிடும். ஒடிசாவிலிருந்தோ ஜார்க்கண்டிலிருந்தோ வேலைக்கு வந்த விசுவாசிகளும் இப்போது நம் கோவில்களில் வந்து உட்காருகிறார்கள். அவர்கள் பக்கத்தில் இந்தி கொஞ்சம் தெரிந்த ஒருவரை உட்காரவைத்து, வேதபகுதியை அவர்கள் போனிலேயே எடுத்துக் காட்டச் சொல்லுங்கள்.

புதிதாக வந்தவர்களை எழுந்து நிற்கச் சொல்லிக் கைதட்டும் வழக்கத்தை விட்டுவிடலாம். சிலருக்கு அது பிடிக்கும் என்பது உண்மை. ஆனால் துக்கத்தில் வந்தவர்கள், வீட்டுக்குத் தெரியாமல் வந்தவர்கள், வேறு சபையில் மனஸ்தாபப்பட்டு வந்தவர்கள் அடுத்த வாரம் வரமாட்டார்கள். திருவிருந்து (அப்பமும் திராட்சரசமும் பகிர்வது) உள்ள ஞாயிறில் யார் பங்கெடுக்கலாம், மற்றவர்கள் உட்கார்ந்தே இருக்கலாமா, முன்னால் வந்து ஆசீர்வாத ஜெபம் மட்டும் பெறலாமா என்று ஆயர் ஒரு வரியில் சொல்லிவிடட்டும். காணிக்கைப் பை வரும்போதும், விருந்தினராக வந்தவர்கள் போட வேண்டிய கட்டாயம் இல்லை என்று ஒரு வார்த்தை.

ஆராதனை முடிந்த முதல் ஐந்து நிமிடம்தான் முக்கியமான நேரம். அந்த ஐந்து நிமிடத்தில் கமிட்டியில் இருக்கும் யாரும் தெரிந்தவரிடம் பேசக்கூடாது என்று முடிவு செய்துகொள்ளுங்கள். தனியாக நிற்கிறவரிடம் போய், "வாங்கக்கா, இன்னைக்குத்தான் முதல் தடவையா? எந்தத் தெருவுல இருக்கீங்க?" என்று கேட்டு, அந்தத் தெருவுக்குப் பொறுப்பாளரை அங்கேயே கூப்பிட்டு அறிமுகம் செய்துவையுங்கள். பெயரையும் போன் எண்ணையும் சின்னச் சீட்டில் எழுதி வாங்கினால் போதும். நீளமான படிவம் எல்லாம் வேண்டாம்.

புதன்கிழமைக்குள் ஒரு சந்திப்பு

சீட்டு கையில் வந்தால் புதன்கிழமைக்குள் பகுதிப் பொறுப்பாளர் போய்ப் பார்த்துவிட வேண்டும். அடுத்த ஞாயிறு வரை விட்டால் அவர் வேறு கோவிலுக்குப் போயிருப்பார், அல்லது எங்கும் போகாமல் இருப்பார். போன் பண்ணிக் கேட்டுவிட்டுப் போங்கள். எப்போதும் இரண்டு பேராகப் போங்கள். பெண்கள் மட்டும் இருக்கும் வீட்டுக்குப் பெண்களே போக வேண்டும். இருபது நிமிடத்துக்கு மேல் உட்காராதீர்கள். முதல் தடவை சந்தாவைப் பற்றியோ கட்டட நிதியைப் பற்றியோ மூச்சே விடக்கூடாது.

பேச்சைவிடக் காது கொடுப்பதுதான் இந்தச் சந்திப்பின் வேலை. புதிதாகக் குடிவந்த குடும்பத்துக்கு நல்ல தண்ணீர் கேன் போடுகிறவர் எண், குழந்தைக்கு ஒரு டாக்டர், பள்ளிக்கூட வேன், இரவில் திறந்திருக்கும் மருந்துக்கடை, இவை தெரிந்தாலே பாதி பாரம் இறங்கும். அவர்கள் சொல்வதை வைத்து, தெருவிலேயே உதவக்கூடிய இன்னொரு குடும்பத்தோடு இணைத்துவிடுங்கள். கிளம்பும்போது, "ஜெபம் பண்ணலாமாண்ணே?" என்று கேட்டு, சரி என்றால் சின்னதாகச் செய்யுங்கள். அடுக்குமாடி வீடு, சுவர் மெல்லிசு, மெதுவான குரல் போதும். மனைவி மட்டும் கோவிலுக்கு வருகிற வீடு என்றால் முதலில் கணவரிடம் பேசி, அவர் வேலையை விசாரித்து, அவர் வீட்டில் விருந்தாளியாக நடந்துகொள்ளுங்கள். அவரை ஓரங்கட்டிவிட்டு அவர் மனைவியிடம் வேதம் பேசினால் அந்த அம்மாவுக்குத்தான் வீட்டில் கஷ்டம்.

கஷ்டப்படுகிற குடும்பமாக இருந்தால் உதவி செய்வதில் ஒரு நிதானம் வேண்டும். அரிசிப்பை கொடுத்துவிட்டுப் போட்டோ எடுப்பது அவமானம். உதவியையும் கோவிலுக்கு வருவதையும் முடிச்சுப் போடுவது அதைவிடத் தவறு. வெள்ளாளன்விளையில் பிறந்த வி.எஸ். அசரியா 1910-ல் எடின்பரோ மிஷனரி மாநாட்டில் வெள்ளைக்கார மிஷனரிகள் முன்னால் நின்று, உங்கள் பொருளைக் கொடுத்தீர்கள், உங்கள் உடலையே கொடுத்தீர்கள், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்று கேட்டார். இரண்டு ஆண்டு கழித்து அவர் தோர்ணக்கல் பேராயர் ஆனார். அன்று அவர் கேட்டதைத்தான் இன்று நம் கோவில் வாசலுக்கு வருகிறவர்களும் எதிர்பார்க்கிறார்கள். நாள் கிழமையில் அவர்களை நம் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிடுகிறோமா, அவர்கள் வீட்டில் நாம் சாப்பிடுகிறோமா?

ஜாதி என்ற கேள்வி

இதைச் சொல்லாமல் வரவேற்பு பற்றி எழுதிப் பயனில்லை.

"சொந்த ஊர் எதுங்க?" அன்பாகக் கேட்கக்கூடிய கேள்விதான். "அங்க எந்தத் தெரு?" "யாரு வீடு, அப்பா பேர் என்ன?" மூன்றாவது கேள்வி வரும்போது எதைத் தேடுகிறார்கள் என்று கேட்கப்படுகிறவருக்கு நன்றாகத் தெரியும். அந்த நிமிடத்தில் அவர் முகம் மாறுவதைப் பார்த்திருக்கிறேன். வாசலில் கொடுத்த புன்னகை, பாட்டுப் புத்தகம், டீ எல்லாம் அங்கேயே வீண். வரவேற்கிறவர்களுக்கும் பகுதிப் பொறுப்பாளர்களுக்கும் இதைப் பச்சையாகச் சொல்லுங்கள்: முதல் கேள்வியோடு நிறுத்துங்கள். பக்கத்தில் யாராவது தொடர்ந்து கேட்டால், "அது வேண்டாமே அண்ணே" என்று அங்கேயே தடுக்க வேண்டும். பிறகு தனியாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டால் காயம் பட்டுவிடும்.

கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் 1833-ல் சபைக்குள் ஜாதி வேறுபாடு அறவே ஒழிய வேண்டும் என்று உத்தரவு போட்டார். தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் பலர் அதை ஏற்காமல் சபையைவிட்டு வெளியேறினார்கள். இருநூறு ஆண்டு ஆகப்போகிறது. உத்தரவால் மட்டும் போகிற வியாதி இல்லை என்பதால் ஏற்பாட்டிலேயே அதற்கு இடம் கொடுக்காமல் செய்ய வேண்டும். பகுதிகளை ஊர்வாரியாகப் பிரிக்காதீர்கள் என்று மேலே சொன்னது இதனால்தான். ஊர் வழியாக ஜாதி உள்ளே வந்துவிடும். அசனத்துக்கு (சபை விருந்துக்கு) காய் நறுக்குவது, சமைப்பது, பரிமாறுவது, இலை எடுப்பது எல்லாவற்றுக்கும் பகுதி முறை போட்டுப் பட்டியலை முன்கூட்டியே பலகையில் ஒட்டுங்கள். சமையல் எப்போதும் ஒரே குடும்பங்கள், இலை எடுப்பது எப்போதும் வேறு குடும்பங்கள் என்றால் அதை மாற்றுவதுதான் கமிட்டியின் முதல் வேலை. கல்லறைத் தோட்டத்தில் இறந்த வரிசைப்படி அடக்கம். தனி வரிசை கேட்டால் எவ்வளவு பெரிய நன்கொடையாளராக இருந்தாலும் இல்லை என்று சொல்ல ஆயருக்குக் கமிட்டி துணை நிற்க வேண்டும்.

ஆறு வார வகுப்பு

இரண்டு மூன்று மாதம் தொடர்ந்து வருகிறவர்களுக்கு ஆராதனை முடிந்தபின் முக்கால் மணி நேர வகுப்பு, ஆறு வாரம். ஆயரும் ஒரு மூத்த விசுவாசியும் நடத்தலாம். விசுவாசப் பிரமாணத்தை வரிவரியாக ஒரு நாள். வேதத்தை எப்படித் திறப்பது, அதிகாரம் வசனம் எப்படிப் பார்ப்பது, மாற்கு சுவிசேஷத்திலிருந்து எப்படி ஆரம்பிப்பது என்று ஒரு நாள்; கையில் வேதத்தை வைத்துத் தேடிப் பழக விடுங்கள். ஜெபம் ஒரு நாள். ஞானஸ்நானமும் திருவிருந்தும் ஒரு நாள். சபையின் கதை ஒரு நாள். சபை எப்படி நடக்கிறது, பணம் எப்படிச் செலவாகிறது, மனக்குறை இருந்தால் யாரிடம் சொல்வது என்று கடைசி நாள்.

ஞானஸ்நான வகுப்பில் கேள்விகள் சூடாக வரும். குழந்தையில் தண்ணீர் தெளித்துக் கொடுத்த ஞானஸ்நானம் செல்லுமா, முழுக்கு எடுக்க வேண்டுமா என்று பெந்தெகொஸ்தே பின்னணியில் வந்தவர்கள் கேட்பார்கள். சபையின் நிலைப்பாட்டை அமைதியாகச் சொல்லிவிட்டு, மேற்கொண்டு பேச ஆயரிடம் தனியாக நேரம் வாங்கிக் கொடுங்கள். வகுப்பிலேயே ஜெயிக்கப் பார்க்காதீர்கள். வேறு மார்க்கத்திலிருந்து வருகிறவருக்கு அவசரமே காட்டக்கூடாது. அவர் குடும்பத்தோடு பேசி, யோசித்து, தானாகக் கேட்கும்போது ஞானஸ்நானம் கொடுத்தால் போதும்.

சபையின் கதையைச் சொல்ல மூத்தவர்களைக் கூப்பிடுங்கள். 1706 ஜூலை 9 அன்று மிஷனரிகள் சீகன்பால்கும் புளுட்சாவும் தரங்கம்பாடியில் இறங்கியதிலிருந்து தொடங்கலாம். விதவையாக வந்து ஞானஸ்நானம் பெற்று, பாளையங்கோட்டையில் 1785-ல் ஆலயம் எழும்பக் காரணமான குளோரிந்தாவைப் பற்றிச் சொல்லலாம். திருநெல்வேலிச் சபையின் தொடக்கத்தில் ஒரு பெண் நிற்கிறார் என்று கேட்டால் புதிதாக வந்த பெண்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். அப்புறம் உங்கள் சபையையே எடுத்துக்கொள்ளுங்கள். யார் வீட்டு மொட்டை மாடியில் முதல் ஆராதனை நடந்தது, மழையில் எப்படிக் கூடினார்கள், இடம் வாங்க யார் நகையைக் கழற்றிக் கொடுத்தார். இதைக் கேட்ட பிறகுதான் 'உங்கள் சபை' என்று பேசியவர் 'நம்ம சபை' என்று பேச ஆரம்பிப்பார்.

வகுப்பு முடித்த ஒவ்வொருவருக்கும் ஒரு வருடத்துக்கு ஒரு துணை. வாரம் ஒரு போன், மாதம் ஒரு தடவை நேரில் சந்திப்பு.

கையில் ஒரு வேலை

எருசலேம் சபையில் கிரேக்கு பேசினவர்களின் விதவைகள் அன்றாட விசாரணையில், அதாவது தினசரி உணவுப் பங்கீட்டில், விடுபட்டுப் போனார்கள் என்று அப்போஸ்தலர் 6-ல் வருகிறது. அப்போஸ்தலர்கள் அந்த முறுமுறுப்பை அடக்கவில்லை. ஏழு பேரைத் தெரிந்தெடுக்கச் சபையிடமே சொன்னார்கள், அந்த ஏழு பேருக்கும் கிரேக்கப் பெயர்களாகவே இருக்கின்றன. விடுபட்டவர்கள் பக்கத்து ஆட்களிடமே பந்தியின் பொறுப்பு போனது. இதைவிட நல்ல நிர்வாகப் பாடம் எனக்குத் தெரியாது. அந்த ஏழு பேரில் ஸ்தேவானும் பிலிப்புவும் பிறகு எப்படிப்பட்ட ஊழியர்களாக வளர்ந்தார்கள் என்பதையும் பாருங்கள்.

ஒருவர் நிலையாக வர ஆரம்பித்து மூன்று மாதத்துக்குள் அவர் கையில் ஒரு சின்ன வேலை இருக்கட்டும். மைக், புரொஜக்டர், பூ வைப்பது, ஆஸ்பத்திரிச் சந்திப்பு, முதியவர்களைக் காரில் அழைத்து வருவது, கணக்கு எழுதுவது, தண்ணீர் நிரப்புவது. எல்லாரையும் பாடகர் குழுவிலும் ஞாயிறு பள்ளியிலும் தள்ளாதீர்கள். எலக்ட்ரீஷியனிடம் ஒயரிங்கைக் கொடுங்கள். நர்ஸாக இருப்பவரிடம் மாதம் ஒரு தடவை ரத்த அழுத்தம் பார்க்கச் சொல்லுங்கள்.

எந்த வேலையையும் நான்கு கட்டமாகக் கற்றுக்கொடுங்கள்: கூட நின்று பார்ப்பது, சேர்ந்து செய்வது, தனியாகச் செய்வது, இன்னொருவருக்குச் சொல்லிக்கொடுப்பது. வேதபாடம் வாசிப்பதையே எடுத்துக்கொள்வோம். பகுதியைப் புதன்கிழமையே கொடுத்துவிடுங்கள். சனிக்கிழமை மாலை வெறும் கோவிலில் மைக்கைப் போட்டு மூன்று தடவை வாசிக்கச் சொல்லுங்கள்; மெசொப்பொத்தாமியா, கப்பத்தோக்கியா என்று வரும் இடத்தில் நின்று திருத்துங்கள். கடைசி வரிசையில் உட்கார்ந்து, வாக்கியத்தின் முடிவு அங்கே கேட்கிறதா என்று சொல்லுங்கள். ஞாயிறன்று அவர் தடுமாறாமல் வாசித்துவிட்டு வந்து உட்காரும்போது ஒரு ஆள் வளர்ந்திருக்கிறார். முன்னறிவிப்பில்லாமல் கூப்பிட்டு, நான்கு வார்த்தை தப்பாகி, பின்னால் யாராவது சிரித்தால், அவர் இனி எதற்கும் எழுந்திருக்கமாட்டார்.

பொறுப்புகளுக்கு இரண்டு ஆண்டு தவணை வையுங்கள். முப்பது வருடம் ஒரே ஆள் பொருளாளராக இருப்பது அவருக்கும் நல்லதில்லை, சபைக்கும் நல்லதில்லை. கமிட்டியில் பெண்களைப் பெயருக்கு ஒருவர் என்று வைக்காதீர்கள். தென்னிந்தியத் திருச்சபையில் 2013-ல் புஷ்பலலிதா நந்தியால் பேராயராகவே ஆகிவிட்டார். இன்னும் பல சபைகளில் பெண்கள் டீ போடும் பொறுப்பிலிருந்து கணக்குப் பார்க்கும் பொறுப்புக்கு வரவில்லை.

பிள்ளைகளும் வாலிபரும்

ஞாயிறு பள்ளியில் எந்த அறையிலும் இரண்டு பெரியவர்கள் இருக்க வேண்டும், கதவு திறந்திருக்க வேண்டும், பிள்ளையை யார் கூட்டிப்போகலாம் என்று எழுதி வைத்திருக்க வேண்டும். புதிதாக வந்தவரை ஆறு மாதமாவது பார்த்துப் பழகாமல் பிள்ளைகள் பொறுப்பில் விடாதீர்கள். அசம்பாவிதம் என்று தெரிந்தால் கமிட்டியில் பேசி முடிக்கும் விஷயமே அல்ல அது. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் 2012-ன் போக்சோ சட்டப்படி தெரிந்தவர் யாராக இருந்தாலும் போலீசுக்குத் தெரிவித்தாக வேண்டும். குழந்தைகள் உதவி எண் 1098-ஐச் சுவரில் ஒட்டிவையுங்கள். மே மாத விடுமுறை வேதாகமப் பள்ளிக்கு அக்கம்பக்கத்துப் பிள்ளைகளும் வருவார்கள். என்ன கற்றுக்கொடுக்கிறோம் என்று பெற்றோருக்கு முன்பே எழுதிக் கொடுத்து சம்மதம் வாங்குங்கள்.

திடப்படுத்தல் முடிந்த கையோடு வாலிபர்கள் காணாமல் போவது எல்லா இடத்திலும் உள்ள குறை. பேராயர் கையை வைத்து ஜெபித்த அடுத்த மாதமே அவர்களுக்கு வேலை கொடுங்கள். கல்லூரிக்காக வெளியூர் போகிறவர்களின் பட்டியலை நோட்டில் தனியாக எடுத்து, அந்த ஊரில் ஒரு சபைக்கு ஆயர் போன் பண்ணிச் சொல்லட்டும்.

பணம்

இதில் நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. காணிக்கையை ஒரே வீட்டைச் சேராத இரண்டு பேர் அன்றே எண்ணிக் கையெழுத்துப் போடட்டும். வங்கியில் இரண்டு கையெழுத்து. மாதக் கணக்கை ஒரே தாளில் பலகையில் ஒட்டுங்கள், வரவும் செலவும். யார் எவ்வளவு சந்தா பாக்கி என்ற பட்டியலை மட்டும் ஒருபோதும் ஒட்டாதீர்கள். உதவி நிதிக்கு மூன்று பேர் குழு, பெறுகிறவர் பெயர் அவர்களோடு நிற்க வேண்டும். தனிச் சபையாக இயங்குகிறவர்கள் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-ன்கீழ் பதிவு செய்ய நினைத்தால் குறைந்தது ஏழு பேர் வேண்டும். வெளிநாட்டிலிருந்து யார் பணம் அனுப்புவதாகச் சொன்னாலும், வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி அனுமதி இல்லாமல் சபைக் கணக்கில் வாங்கக்கூடாது.

மூன்று ஆண்டுக்கு ஒரு தடவை திருமண்டலத் (ஒரு பேராயரின்கீழ் உள்ள சேகரங்கள் எல்லாம் சேர்ந்தது) தேர்தல் வரும்போது அணி பிரிந்து சபை சூடாகும். அந்த மாதங்களில் பகுதிப் பொறுப்பாளர்கள் வீடு சந்திக்கும்போது ஓட்டுப் பேச்சு எடுக்கக்கூடாது. முடியாதவர்கள் தேர்தல் முடியும்வரை பொறுப்பை வேறு ஒருவரிடம் கொடுத்துவிடட்டும்.

வராதவர்களும் விடைபெறுகிறவர்களும்

இரண்டு ஞாயிறு ஒருவரைக் காணவில்லை என்றால் பகுதிப் பொறுப்பாளர் போன் பண்ணட்டும். மூன்றாவது ஞாயிறும் இல்லை என்றால் நேரில் போகட்டும். "ஏன் வரலை?" என்று ஆரம்பித்தால் கணக்குக் கேட்பது போல இருக்கும். "உங்களப் பாக்கணும்னு தோணுச்சு, சுகமா இருக்கீங்களா?" என்றால் அவர்களே சொல்வார்கள். கோபத்தில் நின்றுவிட்டவரிடம் கமிட்டியின் பக்க நியாயத்தை விளக்கப் போகாதீர்கள். அவர் சொல்வதை முழுக்கக் கேட்டுக்கொண்டு வந்து ஆயரிடம் சொல்லுங்கள், ஒரு வாரத்துக்குள் ஆயர் போகட்டும்.

வேலை மாறி வேறு ஊருக்குப் போகிற குடும்பத்தை ஞாயிறு ஆராதனையில் முன்னால் அழைத்து ஜெபித்து அனுப்புங்கள். சபை மாற்றக் கடிதத்தை அவர்கள் கேட்டு அலைய விடாமல் நாமே எழுதிக் கொடுக்க வேண்டும். ஞானஸ்நானத் தேதி, திடப்படுத்தல் தேதி மட்டும் போட்டு முத்திரை குத்தாமல், கீழே இரண்டு வரி சேர்த்து எழுதுங்கள்: இவர் நன்றாக வேதபாடம் வாசிப்பார், இந்த அம்மா சமையலில் கைதேர்ந்தவர், மகன் கீபோர்டு வாசிப்பான், பாட்டியால் படி ஏற முடியாது. புதுச் சபையின் ஆயர் எண்ணைத் தேடிப்பிடித்து, அவர்கள் போய்ச் சேரும் முதல் ஞாயிறுக்கு முன்னாலேயே ஒரு போன் பண்ணி, எந்தத் தெருவில் வீடு பார்த்திருக்கிறார்கள் என்பதையும் சொல்லிவிடுங்கள்.